பச்சை நூல் கட்டின பிரியாணிப் பொட்டலம்

கராமா, துபாய்
14-3-2005

அன்பு மகன் ஃபவாஸுக்கு உம்மா சலாம் சொல்லி எழுதுறது. அல்லாஹ் கிருபையில நானும் வாப்பாவும் இங்க உசுரோடயும் நல்ல பசியோடயும் இருக்கோம், நீயும் ராஸ் லஃபான்ல அந்தக் கேஸு கம்பெனி சூட்டுக்கு நடுவுல உடம்பு உருகாம இருக்கணும்னு அஞ்சு வேளையும் கேக்குறேன். மூணாங்கிளாஸோட நின்னவ எழுத்து, கோணலாத் தெரிஞ்சா நீயும் தலையைக் கொஞ்சம் கோணலா வச்சுப் படிச்சுக்க. போன வாரம் போன் பண்ணி, சித்தீக் மாமா போன மாசம் தோஹா வரலையா, மாசிச் சம்பல் எங்க, ஊறுகா எங்க, என்னை மறந்துட்டீங்களான்னு கேட்டேல்ல, வாப்பா ஆள் போகல, கலாஸ், அவ்வளவுதான்னு சொல்லிப் போனை வச்சுட்டாக. ஆள் போயிட்டு வந்தாச்சுடா. ஆனா நம்ம வீட்டுப் பார்சலைக் கேட்டு வரல, நாமளும் குடுக்கல. போன்ல சொல்லலாம்னா வாப்பா பக்கத்துலயே உக்காந்து காதைத் தீட்டிக்கிட்டு இருப்பாக, அதான் எழுதுறேன்.

எல்லாம் இந்தத் தேர்தலால வந்தது. நம்ம ஊர்க்காரங்க சங்கத்துக்கு இத்தனை வருசம் தேர்தல்னு ஒண்ணு நடந்ததே இல்ல, நாலு பெரியவங்க உக்காந்து டீ குடிச்சு இவர்தான் தலைவர்னு சொல்லுவாங்க, மத்தவங்க டீ குடிச்சுட்டுச் சரிம்பாங்க. பழைய தலைவரு விசாவை முடிச்சுக்கிட்டு ஊரோட போயிட்டாரு. அந்த எடத்துக்கு ஒரு கூட்டம் வாப்பா பேரைச் சொல்லுச்சு, ஒரு கூட்டம் சித்தீக் மாமா பேரைச் சொல்லுச்சு. ரெண்டு பேரும் துபாய்க்கு ஒண்ணா வந்தவங்க, ஒரே ரூம்ல மேல் கட்டில்ல வாப்பாவும் கீழ் கட்டில்ல மாமாவுமா ஒம்பது வருசம் கெடந்தவங்க, வாப்பா குறட்டை விட்டா மாமா கீழ இருந்து காலால எத்துவாராம். ஆளுக்கு ஒரு வருசம்னு முடிச்சிருக்கலாம். ஆனா ரெண்டு பேருக்கும் பின்னாடி நின்னவங்க விடல. ஒரே பேச்சுலர் ரூம்ல நாலு பேரு இங்கிட்டு நாலு பேரு அங்கிட்டுன்னு பிரிஞ்சு, தேங்காச் சட்னியைத் தனித்தனியா அரைச்சாங்களாம். ஒரே மிக்சி, ரெண்டு சட்னி.

வாப்பா பேசினது என்னன்னா, நம்ம ஆளுங்க ஓட்டைச் சோத்துக்கு விக்கக் கூடாது, எதிர்த்தரப்புல வெள்ளிக்கிழமை தோறும் ரூம் ரூமா பிரியாணிப் பொட்டலம் போகுது, அதைச் சாப்பிட்டுட்டுப் போடுற ஓட்டு ஹராம்னாக. மாமா பேசினது என்னன்னா, எனக்குப் பதவி மேல ஒரு எள்ளளவு ஆசை கெடையாது, மக்கள் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுறதால நிக்கிறேன்னாரு. ரெண்டையும் கேட்டு நான் வாயைப் பொத்திக்கிட்டேன், ஏன்னா ரெண்டுலயும் உள்ள சங்கதி எனக்குத் தெரியும். மாமா பொண்டாட்டி ருக்கையா நம்ம அடுப்படிக்கு வந்து, அஸ்மத், வெள்ளிக்கிழமை அறுபது பொட்டலம் வேணும்னு கேட்டா. எதுக்குன்னு நானும் கேக்கல, அவளும் சொல்லல, ரெண்டு பேரும் சிரிச்சோம், அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் பார்சல் சமைக்கிறவ, கூப்பிட்டு ஆர்டர் குடுத்தா மாட்டேம்பேனா. என்ன இத்தனை பெரிய சட்டின்னு வாப்பா கேட்டாக, ஒரு விசேஷம்னேன். பொட்டலம் கட்ட நூல் இல்லாமப் போச்சு, வாப்பா தையக் கடையில பள்ளிக்கூடப் பாவாடைக்கு வாங்கி மிஞ்சின பச்சை நூல்கண்டு கெடந்துச்சு, எடுத்துக் கட்டிட்டேன். நாலு வெள்ளிக்கிழமை.

கடைசிக் கூட்டம் ஓட்டல் மாடி ஹால்ல. பொம்பளைங்க நாங்க திரைக்குப் பின்னால. வாப்பா எந்திரிச்சுப் பேசுறப்ப சாட்சியோட வந்திருக்கேன்னு சொல்லி, பையில இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து உசரத் தூக்கிப் பிடிச்சாக. திரை இடுக்குல பாக்குறேன், என் கை முடிச்சு அப்படியே தொங்குது. ருக்கையா என் தொடையைக் கிள்ளுறா. சித்தீக் மாமா முன் வரிசையில இருந்து சாவகாசமா எந்திரிச்சு, ஓய் மீராசா, பொட்டலத்தைக் கொஞ்சம் இறக்கிப் பிடியும், அந்த நூலைப் பாரும், உம்ம கடை நூல் மாதிரி இருக்கேன்னாரு. ஹாலு முழுக்கச் சிரிச்சாங்க, வாப்பா பக்கத்து ஆளுங்களுமே சிரிச்சாங்க, அதுதான் வாப்பாவுக்குப் பொறுக்கல. உடனே வாப்பா, நூலு என் கடைது, நெசந்தான், பதவி ஆசை இல்லாத மனுசன் தலைவராகி மேடை ஏறுறதுக்குன்னு ஒரு மாசத்துக்கு முந்தியே வெள்ளை ஜிப்பாவுக்கு அளவு குடுத்திருக்காரே, அதுவும் என் கடையிலதான் தொங்குதுன்னு போட்டு உடைச்சாக. தையக்காரன் அளவை வெளிய சொல்லக் கூடாதுடா, அது டாக்டர் நோயைச் சொல்ற மாதிரி. அதுக்கப்புறம் ஆளுக்கு ஆள் கத்துனதுல முனாஃபிக்னு ஒரு வார்த்தை விழுந்துச்சு. நாக்குல ஒண்ணு நெஞ்சுல ஒண்ணு வச்சிருக்கவன்னு நம்ம மார்க்கத்துல அதைவிட மோசமா ஒரு மனுசனைத் திட்ட முடியாது, திருடன்னு சொல்லியிருந்தாக்கூட மறுநாள் டீ குடிச்சிருப்பாங்க. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் சொல்லிக்கிட்டாங்க. யாரு முதல்ல சொன்னதுங்கிறதுலதான் அப்புறம் ஊரே ரெண்டாச்சு.

ஓட்டை எண்ண நம்ம ஆளுங்க யாரையும் யாரும் நம்பல. கீழ டைப்பிங் சென்டர் வச்சிருக்க ரவிசங்கரைப் பிடிச்சுட்டு வந்தாங்க, அவருக்கு நம்ம ஊரு எந்தத் திசைன்னுகூடத் தெரியாது. பாவம், எண்ணி முடிச்சு மாமா ஏழு ஓட்டுல ஜெயிச்சாருன்னு சொன்னாரு. தோத்தவங்க அவரு விலைக்குப் போயிட்டாருன்னாங்க, ஜெயிச்சவங்க எழுபதுல வரவேண்டியதை ஏழாக் குறைச்சுட்டாருன்னாங்க. இப்ப நம்ம ஆள் யாரைப் பாத்தாலும் அவரு கடைக் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரித் திரும்பிக்கிறாரு. ஜெயிச்ச தரப்பு லட்டு அனுப்புச்சு, தோத்த தரப்பு அதைத் திருப்பி அனுப்புச்சு, நடுவுல தூக்கிட்டுப் போனவன் தின்னு முடிச்சான். மாமா பழைய சட்டையைப் போட்டுக்கிட்டு மேடை ஏறினாரு. ஜிப்பா பொத்தான் வைக்காம நம்ம கடையிலயே தொங்குச்சு, வர்றவங்க எல்லாம் அதை மியூசியம் மாதிரிப் பாத்துட்டுப் போனாங்க. மாமா மாசா மாசம் தோஹா போற நாளும் வந்துச்சு, உன் சம்பல் பாட்டில் அலமாரிலயே இருந்துச்சு.

நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். ஜிப்பாவுக்காகவோ தலைவர் நாற்காலிக்காகவோ நான் கவலைப்படல, ஆனா வாப்பா ராத்தல் கணக்குல எளைச்சுட்டாக. குறட்டைகூட வரல, எத்துறதுக்கு ஆள் இல்லாத மாதிரி. ஒரு மத்தியானம் சோறு போட்டு முன்னால உக்காந்து, வார்த்தையை முதல்ல விட்டது நீங்கதான், திரைக்குப் பின்னால நான் கேட்டேன், ருக்கையாவும் கேட்டா, அவ இன்னைக்கு வரைக்கும் அவ புருசன்கிட்ட சொல்லலன்னேன். முனாஃபிக்குன்னா மூணு பேரும்தான், பதவி வேணாம்னு சொல்லி ஜிப்பா தைச்ச அவரு, அதைத் தைச்சுக்கிட்டே திட்டின நீங்க, பொட்டலத்தைக் கட்டிட்டுத் திரைக்குப் பின்னால சிரிச்ச நானுன்னேன். நூலு விசயம் நான் வேணும்னு செய்யல, ஆனா உங்கள்ட்ட விசேஷம்னு சொன்னது வேணும்னுதான் சொன்னதுன்னும் சொல்லிட்டேன். வாப்பா மீன் நடுமுள்ளை மட்டும் ரொம்ப நேரம் சுத்தம் பண்ணினாக.

ரெண்டு நாள் கழிச்சு அஸர் தொழுதுட்டுக் கடைக்குப் போயி ஜிப்பாவுக்குப் பொத்தான் வச்சு, இஸ்திரி போட்டு, நேரா மாமா வீட்டுக்குப் போயிருக்காக. நடந்ததை ருக்கையா சொன்னா. உள்ள போயி சலாத்தோட சரி, வேற பேச்சு இல்ல, போட்டுப் பாரும்னாகளாம். மாமாவும் போட்டிருக்காரு. கையைத் தூக்கும், திரும்பும், மூச்சு விடும்னு தையக்காரப் பேச்சு மட்டும். அப்புறம் கீழ் மடிப்புக்காக வாய்ல நாலு குண்டூசியைக் கடிச்சுக்கிட்டு முட்டி போட்டு உக்காந்தவங்க, அந்த வார்த்தையை முதல்ல சொன்னது நான்தான்னு ஊசிக்கு நடுவுலயே முணுமுணுத்திருக்காக. மாமா, ஊசியை எடுத்துட்டுச் சொல்லும் ஓய், முழுங்கித் தொலைச்சா அதுக்கும் என் மேலதான் பழி வரும்னாராம். ஊசியை ஒவ்வொண்ணா எடுத்து உள்ளங்கையில வச்சுக்கிட்டு மறுபடி சொன்னாகளாம். மாமா, நான் ரெண்டாவது சொன்னேன், சத்தமாச் சொன்னேன், இடுப்பு கொஞ்சம் பிடிக்குதேன்னாராம். இவங்க, அளவு சரிதான், உம்ம பிரியாணி கூடிப் போச்சுன்னாகளாம்.

இதோட முடிஞ்சுச்சுன்னு நெனைக்காத. இப்ப வாப்பா பக்கம் நின்ன ஆளுங்க, எங்களைக் கத்தவிட்டுட்டு நீரு போயி ஜிப்பா குடுத்துட்டு வந்தீரா, நீருதான் ஒண்ணாம் நம்பர் வெளிவேஷம்னு சொல்லி அவங்க துணியை எல்லாம் வேற கடைக்குத் தைக்கக் கொண்டு போயிட்டாங்க. மாமா தரப்புலயும் தலைவரு எதிராளிகிட்ட அளவு குடுக்குறாருன்னு முணுமுணுப்பாம். போகட்டும், அந்த வேற கடைக்காரன் கழுத்துப் பட்டியைக் கோணலா வைக்கிறவன், ஆறு மாசத்துல தானா வருவாங்க.

நீ உன் கேம்ப்ல யாராவது தலைவர், செயலாளர்னு ஆரம்பிச்சா உடனே டூட்டின்னு சொல்லி நழுவிடு, உனக்கு வாப்பா வாயி, என் அடக்கமும் கெடையாது. வெயில்ல தொப்பி போட்டுக்க, ரசத்தைத் தண்ணியாக் குடிக்காத, அங்க எவளையாவது பாத்து வச்சிருந்தா நான் கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடு, கண்டுபிடிச்சா ஊருக்கே சொல்லுவேன். வர்ற வெள்ளிக்கிழமை சித்தீக் மாமா உன் சம்பல் பாட்டிலோட தோஹா வர்றாரு, ஜிப்பாவைத்தான் போட்டுட்டு வருவாரு, எப்படி இருக்குன்னு அவரா கேப்பாரு, நல்லா இருக்கு மாமா, இடுப்பு அழகா நிக்குதுன்னு சொல்லு, வேற ஒண்ணையும் கேட்டுறாத. கவரை ஒட்டினா வழியில யாராவது பிரிச்சுப் படிச்சுட்டுத் திரும்ப ஒட்டலாம்னு வாப்பாகிட்ட குடுத்து மெஷின்ல தைச்சே வாங்கிட்டேன். உள்ள என்னன்னு கேட்டாக, ஒரு விசேஷம்னேன். இந்தத் தடவை என்னை ஒரு பார்வை பாத்துட்டு, அதே பச்சை நூலைத்தான் கோர்த்தாக.

அல்லாஹ் உன் உடம்பையும் உன் நாக்கையும் சேத்தே காப்பாத்தட்டும், நெனச்சது நெறவேறட்டும். சம்பலைத் தின்னு முடிச்சதும் பாட்டிலைக் கழுவி மாமாகிட்டயே குடுத்தனுப்பு, தூக்கி எறிஞ்சுறாத. காலிப் பாட்டிலை அவரு நம்ம வாசல்ல கொண்டாந்து வச்சாத்தான், அடுத்த மாசம் நான் அதை நெறப்பலாமா வேண்டாமான்னு எனக்குத் தெரியும்.

உன் உம்மா
அஸ்மத் பீவி