பெட்டி அறைச் சாவி

அன்புள்ள மகன் அரவிந்தனுக்கு, அம்மா எழுதுவது.

நீயும் மருமகளும் குழந்தையும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இங்கே நான், அப்பா, உன் தங்கை பிரகதி, தம்பி தியாகு எல்லோரும் சுகம். என் கோபமும் சுகமாகத்தான் இருக்கிறது, ஆடிப்பெருக்கு அன்றைக்கு ஏறியது இன்னும் இறங்கவில்லை. போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை குறுக்கே பேசுவாய், அப்புறம் மீட்டிங் இருக்கும்மா என்று வைத்துவிடுவாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. தபாலில் வர நாளாகும் என்று தியாகு இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பப் போகிறானாம். எப்படி வந்தாலும் சரி, கடைசிவரை படி. நீ படிக்காமலே பேசுகிறவன் என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

மெல்பர்னில் இப்போது கடும் குளிர் என்று மருமகள் சொன்னாள், குழந்தைக்குக் காதை மூடாமல் வெளியே கூட்டிப் போகாதே. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, வரப்பில் இறங்க முடியவில்லை. வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள், நம் முறை வருகிறபோது மேல்மடைக்காரன் வைக்கோலை வைத்து அடைத்துவிடுகிறான். பிரகதிதான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் நின்று, அவனோடு மல்லுக்கட்டித் திறந்துவிட்டு வருகிறாள். களையெடுத்து இரண்டாம் உரமும் போட்டாகிவிட்டது, குறுவை நல்ல பச்சையாக நிற்கிறது. நிலத்தில் இறங்கினால் அவளுக்கு எந்தத் தீட்டும் இல்லை, உரமூட்டை தூக்கினால் இல்லை, கொள்முதல் நிலையத்தில் ஆம்பிளைகளோடு வரிசையில் நின்று சண்டை போட்டால் இல்லை. மணவறையில் வந்து நின்றால் மட்டும் எங்கிருந்து வந்துவிடுகிறதாம்? இதைத்தான் நான் உன்னிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

தியாகுவின் கல்யாணப் பத்திரிகை அடித்து வந்துவிட்டது. ஆவணியில் மன்னார்குடியில் மண்டபம், பெண் வீட்டார் எல்லா ஏற்பாடும் நன்றாகச் செய்கிறார்கள். ஆடிப்பெருக்கு அன்றைக்கு உன் பெரியப்பா மகள் செம்மொழி வந்திருந்தாள். வந்தவள் காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தாள், என்னடி என்று கேட்டதும் கண் கலங்கிவிட்டது. சித்தி, அரவிந்தன் அண்ணன் எங்க அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்காங்க, தாலி கட்டுற நேரத்துல நான் பட்டுப் புடவை கட்டிக்கிட்டு மணவறைக்குப் பக்கத்துல தயாரா நிக்கணுமாம், பிரகதி அக்காவை ஏதாவது வேலை சொல்லி அந்தாண்ட அனுப்பிட்டு நான் முடிச்சுப் போட்டுடணுமாம், சித்திக்கு முன்கூட்டியே தெரிஞ்சா ரகளை பண்ணுவாங்கன்னு சொன்னாங்களாம் என்றாள். ரகளை பண்ணுவேன் என்று சரியாகத்தான் கணித்திருக்கிறாய். இதோ பண்ணுகிறேன்.

நம் வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டையும் அவன் கூடப்பிறந்தவள்தான் பெண்ணுக்குப் பின்னால் நின்று போட வேண்டும். தியாகுவுக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்திதான் இருக்கிறாள். அவள் புருஷன் கும்பகோணம் ரோட்டில் பைக்கோடு போய்ச் சேர்ந்தது அவள் செய்த குற்றமா? உன் கல்யாணத்தில் உன் பெண்டாட்டி கழுத்தில் முடிச்சுப் போட்டது யார்? அதே பிரகதி, அதே விரல்கள். அன்றைக்குப் போட்ட முடிச்சு அவிழ்ந்தா போய்விட்டது? நீங்கள் இரண்டு பேரும் கண்காணாத தேசத்தில் குழந்தையும் குட்டியுமாக நன்றாகத்தானே இருக்கிறீர்கள்? அப்புறம் எந்த முகத்தோடு அவள் கை ராசியைப் பற்றி நீ பெரியப்பாவிடம் பேசினாய்?

இதை வேறு யாராவது செய்திருந்தால் எனக்கு இவ்வளவு வந்திருக்காது. உன் பெரியப்பா துரைராசு மச்சான் செய்திருந்தால், அவர் அப்படித்தான், பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் முடிகூட வெட்டிக்கொள்ள மாட்டார் என்று விட்டிருப்பேன். செய்தது நீ. ஞாயிற்றுக்கிழமையானால் புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, பழைய பெரிய நாவல்களில் ஊர்க் கட்டை எதிர்த்து நின்றவர்களைப் பற்றி உலகத்துக்கே பேசுகிற நீ. அந்த வீடியோ ஒன்று விடாமல் நான் பார்த்திருக்கிறேன். வேண்டாத கல்யாணத்தை உதறிவிட்டுப் போன வெள்ளைக்காரப் பெண்ணுக்காகப் பேசினாய். படிக்க ஆசைப்பட்ட கூலிக்காரன் மகனுக்காக மேசையைத் தட்டிப் பேசினாய். வலங்கைமானில் ரவிக்கை தைக்கிற கமருன்னிஸாவிடம்கூட என் மகன் பேசுவதைக் கேளுங்கள் என்று போனைக் கொடுத்துக் காட்டியிருக்கிறேன். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆனி மாதத்தில் ஒன்று போட்டாயே, நம் பக்கத்து நாவல் என்று, நூறு வருஷத்துக்கு முந்தியது, சின்ன வயதில் புருஷனை இழந்த பெண்ணைப் பற்றியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் அழுதேன். அந்த வீட்டில் ஒரு கல்யாணம் நடக்கிறது, முகூர்த்த நேரத்தில் அண்ணன்காரன் வந்து அந்தப் பெண் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்து, நகையெல்லாம் இருக்கும்மா, உன்னைத் தவிர யாரை நம்புவது, பெட்டிகளை நீதான் பார்த்துக்கணும் என்று அன்பாகச் சொல்லிப் பெட்டி அறைக்குள் அனுப்பிவிடுகிறான். அவள் பெட்டிகளுக்கு நடுவே நிற்கிறாள். வெளியே கெட்டிமேளம் கொட்டுகிறது. கையில் முன்னமே வாங்கி வைத்திருந்த அட்சதையை என்ன செய்வதென்று தெரியாமல் பூட்டிய பெட்டிகள் மேல் போடுகிறாள். இதைச் சொல்லும்போது நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய். அடித்து விரட்டியிருந்தால்கூட மன்னித்துவிடலாம், அன்பாகப் பேசி ஒளித்து வைத்தானே, அந்த அண்ணனை என்னால் மன்னிக்கவே முடியாது என்றாய். கீழே எத்தனை பேர் அந்த அண்ணனைத் திட்டி எழுதியிருந்தார்கள். நானும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அந்த இடத்தைப் புத்தகத்திலேயே படித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. உனக்கு மாதாமாதம் நாவல் படித்துக் கதையைப் போனில் பேசிப் பதிந்து அனுப்புவது பிரகதிதான் என்பது இந்த வீட்டில் தெரிந்ததுதானே, அவளுடைய பெயரை நீ ஒரு தடவையும் சொன்னதில்லை, அது வேறு விஷயம். மன்னார்குடி நூலகத்திலிருந்து அவள் எடுத்து வந்த புத்தகம் அலமாரியில்தான் இருந்தது. சமையல் முடிந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். பொடி எழுத்து, பழைய நடை, பாதிக்கு மேல் ஒரே விசாரம். செம்மொழி வந்து போன பிறகு வைராக்கியமாக உட்கார்ந்து முடித்தேன். அந்தப் பெண் காசிக்குப் போகிறாள், கதை முடிகிறது. சாவிக்கொத்து வரவில்லை. பெட்டி அறை வரவில்லை. அண்ணன் என்று ஒரு ஆளே அந்தப் புத்தகத்தில் இல்லை, அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் பிரகதியிடம் கேட்டேன். மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள், கையை எடுக்காமலே சொன்னாள். அது கதையில இல்லம்மா, அது செம்மொழி கல்யாணத்துல நான் என்றாள்.

அரவிந்தா, ஞாபகம் வருகிறதா? திருப்பனந்தாளில் செம்மொழி கல்யாணம், நீ மெல்பர்னிலிருந்து வந்திருந்தாய். முகூர்த்த நேரத்தில் பிரகதி பந்தியில் நிற்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீதான் சாவியைக் கொடுத்து அனுப்பினாயாம். உன்னைத் தவிர யாரை நம்புறது தங்கச்சி என்று சொன்னாயாம். அப்படியே வார்த்தை மாறாமல் சொன்னாள். உனக்குக் கதை சொல்லி அனுப்பும்போது அந்த இடத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டதாம், சொன்ன பிறகு அழித்துவிடலாமா என்று யோசித்தாளாம், அண்ணனுக்குத் தெரியாமப் போகுமா, கேட்டதும் போன் பண்ணும் என்று விட்டுவிட்டாளாம். பண்ணினாய், பண்ணாமல் என்ன. ரொம்ப நல்லா இருந்துச்சு தங்கச்சி, இதே மாதிரி இன்னும் அனுப்பு என்றாயாம். அவள் சரிண்ணே என்று சொல்லி வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டாள்.

உன் கையால் நடந்ததை உன்னிடமே சொல்லியும் உனக்கு அடையாளம் தெரியவில்லையே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன் வாயாலேயே உன்னைத் திட்டிக்கொண்டாய். ஊரைக் கூட்டித் திட்டினாய். திட்டி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆடி பிறந்ததும் பெரியப்பாவுக்குப் போன் போட்டு அதே வேலையை மறுபடியும் ஏற்பாடு செய்திருக்கிறாய். புத்தகத்துக்குள் இருக்கிற பெண்ணுக்காக அழுவதில் உனக்கு ஒரு சிரமமும் இல்லை, அவள் வந்து உன் பக்கத்தில் முடிச்சுப் போட நிற்கப் போவதில்லை.

ஊர் என்ன சொல்லும் என்று பெரியப்பாவிடம் கேட்டாயாம். ஊர் யார், எனக்குக் காட்டு. தெருவில் நான் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், பிரகதிதான் முடிச்சுப் போடப் போகிறாள் என்று. இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அவ்வளவுதான், அவர்கள் நாம் பால் குறைத்து ஊற்றினாலும் திருப்பிக்கொள்கிறவர்கள். கமருன்னிஸா பிரகதிக்கு என்ன நிறப் புடவை, ரவிக்கைக்கு அளவு எப்போது தருவாள் என்று கேட்டாள். கல்யாணப் பெண் மேகலா தியாகுவிடம், அண்ணி முடிச்சுப் போடலைன்னா நானே கையைப் பின்னால கொண்டுபோய்ப் போட்டுக்குவேன் என்று சொல்லியிருக்கிறாள். எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? அண்ணன் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிற மனுஷன், முழங்கால் வலியோடு பஸ் ஏறித் திருப்பனந்தாள் போய், என் மகள்தான் முடிச்சுப் போடுவா, உங்களுக்குச் சம்மதம்னா முன்வரிசையில வந்து உட்காருங்க என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வந்தார். ஒரு நாவல்கூடப் படித்ததில்லை அவர். ஆக ஊர் என்று தேடிப் பார்த்தால் கடைசியில் மெல்பர்னில்தான் இருக்கிறது.

ஆனால் பிரகதி வர மாட்டேன் என்கிறாள். என்னால ஒரு சண்டை வேண்டாம்மா, நானே ஒதுங்கிக்கிறேன், செம்மொழி போடட்டும் என்கிறாள். மேல்மடைக்காரனிடம் மண்வெட்டியோடு நிற்கிறவள் இதற்கு மட்டும் பின்னால் போகிறாள். நான் எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. தியாகு காலில் விழாத குறையாகக் கெஞ்சினான், அதற்கும் அழுகைதான். அவள் மனதில் என்ன இருக்கிறது என்று பெற்றவளுக்குத் தெரியாதா? பெட்டி அறைக்கு அனுப்பிய வாயே கூப்பிட வேண்டும் என்று காத்திருக்கிறாள். அதனால் நீ அவளுக்குப் போன் பண்ணு. பெரிய பேச்செல்லாம் வேண்டாம், உன் பேச்சு எங்களுக்குப் பழகிவிட்டது. செம்மொழி கல்யாணத்தில் செய்தது தப்பு, நீதான் முடிச்சுப் போடணும் தங்கச்சி என்று சொன்னால் போதும். நீ சொல்லாவிட்டாலும் நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மணவறையில் நிறுத்தத்தான் போகிறேன், அதில் மாற்றம் இல்லை. ஆனால் முடிச்சுப் போடும்போது அவள் கை நடுங்கக் கூடாது. அது உன்னால்தான் ஆகும், அந்தக் கோபத்தில்தான் இதை உனக்கு எழுதுகிறேன்.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விடாதே, குளிர் ஊரானால் என்ன, வெந்நீர் இருக்கிறதல்லவா. போன தடவை அனுப்பிய நாரத்தங்காயில் ஈரக்கரண்டி போட வேண்டாம் என்று மருமகளிடம் சொல். பேரனுக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். கோபத்தில் எழுதினாலும் இந்த ஆசீர்வாதம் கோபத்தில் சொன்னதில்லை.

டிக்கெட் போட்டுவிட்டதாகத் தியாகு சொன்னான், கட்டாயம் வந்துவிடு. போன் பண்ணிவிட்டு வந்தால் தங்கைக்குப் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நில். பண்ண மனசு வரவில்லை என்றாலும் வா, உனக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். மண்டபத்துப் பெட்டி அறைச் சாவியை முன்னமே கேட்டு வாங்கி என் இடுப்பில் செருகி வைக்கிறேன். நகையெல்லாம் இருக்கும், உன்னைத் தவிர யாரை நம்புவது? கெட்டிமேளம் உள்ளே நன்றாகக் கேட்குமாம், பிரகதி சொன்னாள். கையில் கொஞ்சம் அட்சதையும் கொடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
நா. ஞானாம்பாள்