சிதம்பரத்திலிருந்து ஒரே ஒரு முகவரி

இல்லை மச்சான், தூக்கிப் போடவில்லை. அந்தப் பழைய சிபியூ என் மேசைக்கு அடியில்தான் கிடக்கிறது. இன்று காலை தூசி தட்டினேன். பக்கவாட்டில் நீ மார்க்கரில் எழுதிய இணைய முகவரி எண் பாதி அழிந்திருக்கிறது.

நான் மூன்றாவது செமஸ்டரோடு காலேஜை விட்டவன். நீ அரியர் பையன்களுக்காகக் கணக்குப் பாடம் நடத்தி வீடியோ எடுத்தாய்; நான் இணையத்தில் ஏற்றினேன். சர்வர் அமெரிக்காவில். இங்கே விக்கி விக்கித்தான் ஓடும். பரீட்சைக்குப் பத்து நாள். வீடியோக்களின் நகலை ஒரு மெஷினில் ஏற்றிப் பையன்களுக்குப் பக்கத்து ஊரில் வைத்தால் தடங்காமல் ஓடும். ஆனால் கையில் இருந்தது இந்த ஒரே சிபியூ மெஷின்.

எங்கே வைப்பது? நம் தளத்தில் ஊர்ப்பெயர் போட்டால்தான் நுழைய முடியும். வந்தவர்களின் இணைய முகவரிகளை ஊர்வாரியாகப் பிரித்தேன். கடலூரில் பதினொன்று. சிதம்பரத்தில் ஒன்று. அந்த ஒன்று மட்டும் ஒரே பாடத்தை நூறு தடவைக்கு மேல் கேட்டிருந்தது.

“எவனோ மரமண்டை. புரியாம திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்குறான். மெஷின் கடலூருக்குத்தான்” என்றேன்.

நீ சண்டை போடவில்லை. “நம்பர எண்ணிட்ட. ஆள எண்ணுனியா?” என்றாய். அங்கே இணைப்பு கொடுக்கிறவரிடம் விசாரித்தாய்; அது ஏதோ ஹாஸ்டல் என்றார். மெஷினை மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறிவிட்டாய். எனக்குக் கோபம்.

மத்தியானம் போன் செய்தாய். “மச்சான், இது ஒருத்தன் இல்லடா. ஹாஸ்டல் மொத்தமும் ஒரே மோடம் டப்பா வழியா நெட்டுக்குப் போவுது. அதான் ஒரே நம்பர். ஒவ்வொருத்தனா வந்து போட்டுப் பாக்குறான், ஓடலன்னு எழுந்து போறான்.” பின்னால் யாரோ சிரித்தார்கள். “நீ சொன்ன மரமண்டை இங்க அறுவது பேரு. பேசுறியா?”

 மெஷினை அங்கேயே வை என்றேன்.

அடுத்த வருடம் காய்ச்சல் என்று உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாலாம் நாள் நீ இல்லை. ஒரு மாதம் கழித்து ஹாஸ்டல் பையன் ஒருவன் மெஷினைத் திருப்பிக் கொண்டுவந்தான். கணக்கில் தேறிவிட்டானாம். உன்னிடம் சொல்லத்தான் வந்திருந்தான். என்னிடம் சொல்லிவிட்டுப் போனான்.

எந்த ஊரில் நகல் வைப்பது என்று திட்டம் போடுவதுதான் இப்போது என் பிழைப்பு. நேற்றுப் பட்டியலில் மங்கலம்பேட்டையிலிருந்து ஒரே முகவரி. வெட்டிவிடலாம் என்கிறார்கள் ஆபீசில். நாளைக்குச் சொல்கிறேன் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மங்கலம்பேட்டைக்கு விருத்தாசலம் போய்த்தான் மாற வேண்டும்; பஸ் கிளப்பிவிட்டான். போறேன் மச்சான்.