விமானத்துக்கு எடுத்த பாடம்

இப்படி எழுதுவதற்கு மன்னித்துவிடு. நீ இருந்தபோது வாட்ஸ்அப்பில் 'ம்' என்பதைத் தாண்டி எழுதாதவள், இப்போது மடல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கையில் எலுமிச்சை வாசனை, சோப்பு போட்டும் போகவில்லை. வகுப்புக்குப் பிழிந்தது. வகுப்பு இப்போது தெருவில் நடக்கிறது. உங்கள் மொட்டை மாடியை உன் அம்மா பூட்டிவிட்டார். தெருவில் எத்தனை நாள் ஓடும் என்று தெரியவில்லை.

நாம் பிளஸ் ஒன் படிக்கும்போது அந்த மாடியில்தான், பள்ளி விட்டதும் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து அறிவியல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தோம். பேச்செல்லாம் நீ. பாட்டில் பிடிப்பதும் தரை துடைப்பதும் நான். பொழிச்சலூரில் எந்தப் பாடமும் ஒரே மூச்சில் முடியாது, தலைக்கு மேல் விமானம் இறங்கும். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் நீ ஒரு சட்டம் போட்டாய்: சத்தம் அடங்கும்வரை எல்லோரும் சிலை.

சட்டத்தை மீறியது நான் ஒருத்திதான். யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் முழுப் பாடத்தையும் அந்த இரைச்சலுக்குள் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். நீ கண்டுபிடித்துவிட்டாய்.

"ஏன்டி, ஃப்ளைட்டுக்கா கிளாஸ் எடுக்கிற?"

அந்த ஆப்ப சோடா சோதனையை மறந்திருக்க மாட்டாய். பாட்டிலில் எலுமிச்சைச் சாறு, அதன் வாயில் மாட்டிய பலூனுக்குள் சோடா. பலூனை நிமிர்த்திச் சோடாவைக் கொட்டிவிட்டு, "இப்போ இந்த பலூன்" என்று நீ விரலை நீட்டவும் விமானம் வந்தது. நீ சிலை. பிள்ளைகள் சிலை. பலூனை இறுக்கிப் பிடிக்க வேண்டிய நான், கையை ஆட்டி ஆட்டி விமானத்துக்குக் கரியமில வாயுவை விளக்கிக்கொண்டிருந்தேன். பலூன் உப்பியது, கழன்றது, உன் மூக்கில் நுரையைத் துப்பிவிட்டுப் பக்கத்து மாடியில் காய்ந்த வடகத்தின் மேல் போய் விழுந்தது. ஒருவரும் அசையவில்லை. இரைச்சல் அடங்கியதும், மூக்கைக்கூடத் துடைக்காமல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாய்: "மெதுவா உப்பும், பாருங்க."

"அது அப்பவே போயிடுச்சுக்கா" என்றாள் நாலாம் வகுப்பு யாழினி.

அவள் இப்போது பிளஸ் ஒன். போன வருடம் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது அவளும் அவள் தோழிகளும்தான். எலுமிச்சை பிழிவது மட்டும் இன்னும் நான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி, அதுவும் வேதியியல். தண்ணீர் லாரி வந்தால் பாட்டிலோடு எழுந்து ஓடுகிறோம். நேற்று அது ரிவர்ஸில் வந்து ஒரு பிள்ளையை உரசப் பார்த்தது. மாடி கிடைக்காவிட்டால் இனி அனுப்ப மாட்டோம் என்று அம்மாக்கள் சொல்லிவிட்டார்கள்.

உன் அம்மாவிடம் கேட்கத்தான் போனேன். என்ன விஷயம் என்றார். காபி நன்றாக இருக்கிறது என்றேன். இன்னொரு டம்ளர் வந்தது. அடுத்த வாரமும் அதே கதை.

"ஆன்ட்டிகிட்ட கேட்டீங்களாக்கா, இல்ல இன்னிக்கும் காபிதானா?" என்கிறாள் யாழினி.

அவர் கோபத்தில் பூட்டவில்லை. துணி காயப்போடக்கூட மேலே போவதில்லை. ஈரப் புடவை ஹால் ஃபேனுக்குக் கீழே தொங்குகிறது. அதைப் பார்த்தபின் எனக்கு எப்படி வாய் வரும்?

கேட்க வந்ததை இப்போது கேட்டுவிடுகிறேன். உன் அம்மா யார் சொல்லியும் கேட்கமாட்டார், கனவில் வந்து சொன்னால் மறுநாளே செய்வார். உன் தாத்தா கனவில் வந்து வெயிலாக இருக்கிறது என்றாராம். மறுநாளே பல்லாவரம் சந்தைக்குப் போய்க் குடை வாங்கிவந்தவர் உன் அம்மா. நீயும் ஒரு நாள் அவர் கனவுக்குப் போ. அழவைக்காதே. சாப்பிட்டுவிட்டேன் என்று முதலில் சொல், அதைத்தான் கேட்பார். பிறகு மாடிக் கதவைத் திறந்துவிடச் சொல்.

நான் கேட்டதாகச் சொல்லாதே.