நீ பிறந்த வருஷத்துப் பன்னிரண்டு பாட்டில்

பின்யாவோ
15 மார்ச் 1998, ஞாயிறு

அன்பு மகள் லியோனோருக்கு அப்பா எழுதுவது. உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பாய். பதறாதே, அவள் அடுக்களையில் சூப்புக்குக் கீரை அரிந்துகொண்டு, ஒரு கடிதத்துக்கு எத்தனை தாளைக் கிழிப்பீர்கள் என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் எழுந்து நடமாடுகிறோம், நீயும் மார்செலும் அந்தக் குளிர் நாட்டில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு இடது முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முதல் நாளே சொல்லிவிடுகிறது, வானொலிக்காரனைவிடச் சரியாகச் சொல்கிறது. பதினைந்து வருஷமாக உனக்கு வந்த கடிதமெல்லாம் அவள் எழுதியது. அடியில் அப்பாவும் விசாரித்தார் என்று ஒரு வரி இருக்கும். நான் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை மகளே, அவளாகச் சேர்த்தது. இப்போது நானே எழுத வேண்டி வந்ததற்குக் காரணம், உன் பொருளை உன்னைக் கேட்காமல் நேற்று விற்றுவிட்டேன்.

ஜனவரியில் பெய்த மழையில் மலைச்சரிவில் நம் மூன்றாம் படித் தோட்டத்தின் கல்சுவர் சரிந்து, நாற்பது திராட்சைக் கொடிகளோடு கீழே பெர்பெத்துவா வீட்டு வழியில் போய் விழுந்தது. தனிக்கட்டை விதவை, அவள் தண்ணீருக்கும் ரொட்டிக்கும் மலையைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன், வந்து நின்று, "என்ன அதெலினோ, நீ வரலைன்னாலும் உன் சுவரு என் வாசல் வரைக்கும் வந்து விசாரிச்சுட்டுப் போச்சு" என்றாள். அதைவிட அவள் திட்டியிருக்கலாம். அடுத்த மழைக்குள் சுவரை எழுப்பாவிட்டால் இரண்டாம் படியும் இறங்கிவிடும். அப்போதுதான் நிலவறையில் இருந்த அந்தப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. உனக்குத் தெரிந்ததுதான், நீ பிறந்த அறுபத்துமூன்றாம் வருஷத்து போர்ட் ஒயின், இரண்டு வருஷம் பீப்பாயில் கிடந்து பாட்டிலுக்கு வந்தபோது என் முதலாளி குறைந்த விலைக்குக் கொடுத்த பன்னிரண்டு பாட்டில், உன் கல்யாணத்துக்குத் திறக்க வேண்டும் என்று படுக்க வைத்தேன். நீ அங்கேயே பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாய், பாட்டில்கள் படுத்தது படுத்தபடி கிடந்தன. விற்கப்போகிறேன் என்றதும் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. முதலில் மகளுக்கு எழுதிக் கேளுங்கள் என்றாள், பிறகு என் தோடுகளை விற்றுக்கொள்ளுங்கள் என்றாள். பதினைந்து வருஷம் எழுதாதவன் முதல் கடிதத்திலேயே ஒன்றைக் கேட்டு எப்படி எழுதுவது? ஆற்றுத்துறையில் விசாரித்து, பழைய ஒயின் வாங்குகிற தெலெஸ் என்பவருக்குச் சொல்லி அனுப்பினேன்.

நேற்றுக் காலை ரயிலில் வந்தார், மெலிந்த மனிதர், மரியாதையான பேச்சு. நிலவறையில் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டிலாக ஆட்டாமல் அசைக்காமல் பார்த்தார். மேல்பக்கம் எது என்று தெரிய பாட்டிலில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு தீற்று வைத்திருப்போம் அல்லவா, அந்தப் பக்கம் எப்போதும் மேலே இருந்தால் கண்ணாடிக்குள் அடிப்பக்கத்தில் வண்டல் ஓடு மாதிரி படிந்திருக்கும். எட்டுப் பாட்டில் பார்த்துத் தலையை ஆட்டினார், எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. ஒன்பதாவதை எடுத்ததும் அந்த வெள்ளை அவர் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. "பெரியவரே, இது சுண்ணாம்புல்ல?" என்றார். உள்ளே வண்டலும் இல்லை. திறந்தால் காடி, மூக்கில் ஏறுகிற காடி. அவர் கோபிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உங்க மேல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா நான் விக்கிற எடத்துல உங்க முகத்தையா காட்ட முடியும்? பாட்டிலைத்தான காட்டணும்" என்று சொல்லிப் பையை மூட ஆரம்பித்தார். நாற்பது வருஷம் கிடங்குகளில் வேலை பார்த்தவன் நான், ஒருவன் என் முன்னால் ஒரு துளியை முகர்ந்து பார்த்துச் சந்தேகப்பட்டதில்லை. எனக்கு நிலை தப்பிவிட்டது. போன வருஷம் வெள்ளையடிக்க வந்தவனைப் பெயர் சொல்லித் திருடன் என்று கத்தினேன்.

அப்போது படிக்கட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அந்த ஆளைத் திட்டாதீங்க, பாவம். நான்தான் எடுத்தேன்." கையில் சூப்புக் கரண்டியோடு நின்றாள். நீ போன அந்தச் செவ்வாய்க்கிழமை, பிரான்சுக்குத் தக்கை ஏற்றிப்போன லாரிக்காரன் காசு கேட்டானாம், அவள் கையில் ஒன்றும் இல்லையாம், பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்து உன்னை ஏற்றிவிட்டாளாம். பிறகு பழைய பாட்டில் ஒன்றில் வீட்டு ஒயினை ஊற்றி, மெழுகு உருக்கி அடைத்து, சுண்ணாம்பால் தீற்றியிருக்கிறாள். இது உனக்கும் தெரியாது என்கிறாள். நீயாகவே என்னிடம் சொல்லாமல் ஓடிப்போனதாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். வேலைக்குப் போய்த் திரும்பி வந்தபோது உன் படுக்கை மடித்திருந்தது, என்னை ஒரு மனிதனாகவே நீ மதிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அதனால்தான் நீ இரண்டு தடவை வந்தபோதும் இன்னும் கொஞ்சம் சூப் வேண்டுமா என்பதற்குமேல் என் வாயில் பேச்சு வரவில்லை. ஏன் என்னிடம் மறைத்தாய் என்று கேட்டேன். தெலெஸ் இருப்பதையும் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க போகாதேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ நின்னுருப்பா. நீங்க சொல்லியிருப்பீங்க. அதான் சொல்ல வேணாம்னு அவகிட்டயும் சத்தியம் வாங்கினேன்." தெலெஸ் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

 பொய் சொல்லக் கூடாது மகளே, சொல்லியிருப்பேன். நீயும் நின்றிருப்பாய், எவனோ ஒரு மேஸ்திரி கூவக் கூவத் திராட்சைக் கூடை சுமந்திருப்பாய், இன்றைக்கு நோயாளிகள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நர்ஸாக ஆகியிருக்க மாட்டாய். மேலே போய் அடுப்பில் இரும்புக் குறடைச் சொருகிவிட்டு வந்து, "மிச்சம் பதினொண்ணு இருக்கு, எதை வேணும்னாலும் நீங்களே எடுங்க" என்று தெலெஸிடம் சொன்னேன். வேண்டாம், அவ்வளவு விலையுள்ளதை வீணாக்காதீர்கள் என்றார். எடுங்கள் என்றேன். இத்தனை வருஷத்துத் தக்கையைத் திருகினால் உள்ளே பொடிந்து விழும், அதனால் சிவக்கக் காய்ந்த குறடால் பாட்டிலின் கழுத்தைக் கவ்வி, ஈரத்துணி வைத்ததும் டக்கென்று நறுக்கின மாதிரி விட்டது. துணியில் வடித்து ஊற்றினேன், மாதுளைச் சாறு வெயிலில் நின்ற மாதிரி ஒரு நிறம், வீடு முழுக்க உலர்ந்த அத்திப்பழ வாசனை. தெலெஸ் ஒரு வாய் வைத்துவிட்டு, மறுபடி பையைத் திறந்து பணத்தாள்களை எடுத்தார். பத்துப் பாட்டிலும் போயின, இரண்டு லட்சத்து எண்பதாயிரம் எஸ்குடோ, பேரம் பேசவில்லை. நாளை கொத்தனார் வருகிறார். வெள்ளையடித்தவன் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன், அவன் நான் கத்தினதே தெரியாமல் முழித்தான்.

திறந்த பாட்டிலை வைத்திருக்க முடியாதே, பெர்பெத்துவாவையும் கூப்பிட்டு, ஆட்டுப்பால் சீஸும் பாதாமும் வைத்துக்கொண்டு நால்வரும் குடித்தோம். அம்மா அதை வாயில் வைப்பது அதுதான் முதல் தடவை. "இதுக்கா முப்பது வருஷமா எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்றாள், சொல்லிவிட்டு டம்ளரை மறுபடி நீட்டினாள். பெர்பெத்துவா சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து வெளியே போய்விட்டது.

இரவு வேலை முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. மார்செலை பனியில் மெதுவாக வண்டி ஓட்டச் சொல். அவரிடம் நான் இன்னும் நாலு வார்த்தை பேசியதில்லை, என் தப்புத்தான். அம்மாவின் முழங்காலுக்கு நீ அனுப்பிய தைலம் தீர்ந்துவிட்டது, அவள் கேட்க மாட்டாள், நான் கேட்கிறேன். அந்தப் பன்னிரண்டும் உன்னுடையவை, ஆகவே நீ உன் காசில்தான் போனாய், யாரிடமும் எதையும் திருடவில்லை.

மகளுக்கென்று ஒரு பாட்டிலாவது எடுத்து வைத்திருக்கலாமே என்று அம்மா கேட்டாள். வைக்கவில்லை. வைத்தால் அதைக் காட்டி உன்னைக் கூப்பிட்டதாக ஆகும். எதையும் காட்டாமல் கூப்பிடுகிறேன். அறுவடைக்கு வா என்றால் வேலை வாங்கக் கூப்பிடுகிறார் என்பாய், ஆகஸ்டிலேயே வா, இருவருமாக வாருங்கள், ரயிலடிக்கு நானே வருகிறேன். மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு, உன்னைத் தானே விசாரிக்கும்
அப்பா அதெலினோ