பல்லும் பர்சனாலிட்டியும்

மரக்காணம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கலைமதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, புதிதாகப் பிறந்த ஆட்டுக்குட்டிகள் உட்பட எல்லோரும் சுகம். அங்கே புனேயில் நீயும் சுகமாக இருக்கிறாயா என்று கேட்கத்தான் வியாழக்கிழமையிலிருந்து போன் போட்டுக்கொண்டிருக்கிறேன், மணி அடிக்கிறதே தவிர நீ எடுப்பதாகக் காணோம். வாட்ஸப்பில் அனுப்பினால் ரெண்டு டிக் விழுகிறது, நீலமாகவும் ஆகிறது, பதில் மட்டும் வரவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். போனில் பேசினால் பாதியில் வெட்டிவிடுவாய், கடிதத்தை அப்படி வெட்ட முடியாது, கிழித்துத்தான் போட வேண்டும், கிழிப்பதற்காவது கையில் வாங்குவாய் அல்லவா. உன் அம்மா கட்டுகிற பார்சலுக்குள் இதை வைக்கிறேன். பார்சலை நீ பிரிக்காமல் இருக்க மாட்டாய், உள்ளே கூனிமேட்டில் வாங்கிய நெத்திலிக் கருவாடு இருக்கிறது. கொரியர்காரன் மோந்து பார்த்துத் திருப்பிவிடுவான் என்று மூன்று கவர் போட்டுக் கட்டியிருக்கிறாள்.

இங்கே வெயில் ஆளைக் கொல்கிறது, இப்படி அடித்தால்தான் உப்பு விளையும் என்பதால் திட்டவும் வழியில்லை. நீ அனுப்பிய களிம்பைக் குதிகால் வெடிப்பில் தடவிக்கொண்டு பாத்தியில் இறங்கினால் உப்புத்தண்ணீர் அரை நாளில் அதைத் தின்றுவிடுகிறது, ஆனாலும் தடவிக்கொண்டுதான் இருக்கிறேன், இல்லாவிட்டால் அதற்கும் கோபித்துக்கொள்வாய். உன் அம்மா போன பிரதோஷத்துக்குப் பெருமுக்கல் மலை ஏறிவிட்டு வந்து முழங்கால் வலி என்று ரெண்டு நாள் படுத்துவிட்டாள். இந்த வெயிலில் எதற்கடி ஏறினாய் என்று கேட்டால், பிள்ளை நல்லபடியாகப் பட்டம் வாங்க வேண்டும் என்று வேண்டுதலாம். அவள் ஏறி இறங்கி வந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நீ என்னடாவென்றால் பட்டத்துப் போட்டோவே எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்று சொல்லிவிட்டாய். அன்றிலிருந்து இந்த வீட்டில் சோறு இறங்கவில்லை. உன் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருடைய படமும் வரிசையாகத் தொங்குகிற காலேஜ் சுவரில் உன் இடம் மட்டும் வெறுமனே இருக்கும் என்று நினைத்தால் எனக்கு எப்படியோ இருக்கிறது.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், எந்த இடத்தில் தடம் புரண்டது என்று எனக்கே தெரிய வேண்டும். அன்றைக்கு நான் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன், காற்று வேறு ஊ என்று அடித்தது, போனை ஸ்பீக்கரில் போட்டு உன் அம்மாவும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் படம் எடுக்கப் போகிறார்கள், என்ன உடுத்துவது, எங்கே நிற்பது, கையில் எதை வைத்துக்கொள்வது என்று அவரவரே யோசித்துச் சொல்ல வேண்டும், அவரவர் பர்சனாலிட்டி அதில் தெரிய வேண்டும் என்றாய். ஒருத்தி கிடாரோடு நிற்கப்போகிறாள், ஒருத்தன் நாயோடு நிற்கப்போகிறான் என்றும் சொன்னாய். நாயோடு நிற்பது என்ன பர்சனாலிட்டி என்று எனக்கு அப்போதே விளங்கவில்லை. ஏம்மா, நம்ம ஊரில் பர்சனாலிட்டி என்றால் என்ன? மாப்பிள்ளை நல்ல பர்சனாலிட்டி என்றால் ஆள் உயரமாக, வாட்டசாட்டமாக, பார்க்க லட்சணமாக இருக்கிறான் என்றுதானே அர்த்தம். போலீஸ் வேலைக்குப் போகிறவனுக்குப் படிப்பு இருக்கிறது, பர்சனாலிட்டி பத்தவில்லை என்கிறோமே, அதுதானே. சரி, ஆள் லட்சணமாகத் தெரிய வேண்டும் என்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வார்த்தையே நீ, கேப் வாடகைக்குத் தருகிறார்கள், போடலாமா வேண்டாமா என்று யோசிக்கிறேன் என்றாய். அங்கேதான் வந்தது வினை. வாடகை என்றால் கார்தான், காரில் சாய்ந்து நின்று எடுப்பார்கள் போல என்று உன் அம்மா என் தோளை இடித்தாள். எனக்குப் பல்லுக்குப் போடுகிற கேப்தான் ஞாபகம் வந்தது. பர்சனாலிட்டி என்றாய், கேப் என்றாய், உடைந்த முன்பல்லை வைத்திருக்கிறவளும் நீதான், வேறு என்ன நினைப்பேன்? அந்த ஊரில் பல்லைக்கூட வாடகைக்கு விடுகிறார்களா, அடுத்தவன் வாயில் இருந்ததைக் கழுவியாவது கொடுப்பார்களா என்று மண்டை காய்ந்துபோய்த்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன். "அந்தப் பல்ல வச்சிக்கினு எப்படிம்மா போட்டோவுல நிப்ப, நாலு பேரு பார்க்கிற எடம், சொந்தமாவே ஒரு கேப் போட்டுக்க, நான் பாண்டியில கேட்டு வெக்கிறேன்." இவ்வளவுதான் சொன்னேன். காற்றில் லைன் போய்விட்டது என்று ஹலோ ஹலோ என்று கத்தினேன். பிறகு, "நான் போட்டோவே எடுத்துக்கலப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

சாயங்காலம் உன்னிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. "பர்சனாலிட்டின்னா பல்லு இல்லப்பா." அந்த வரியை நானும் உன் அம்மாவும் எத்தனை தடவை படித்திருப்போம் என்று கணக்கே இல்லை. உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பர்சனாலிட்டின்னு வந்தா நமக்குப் பல்லு இல்லையேப்பான்னு பிள்ளை ஏங்கிப்போய் எழுதியிருக்குது, நீ ஒரு அப்பன்னு கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கியே என்றாள். நீயே சொல்லு, அப்படியும் படிக்கலாம்தானே? மறுநாள் வேலைக்குக்கூடப் போகவில்லை, பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறி ஒரு பல் டாக்டரைப் பார்த்து அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கினேன். பேஷண்ட் எங்கே என்று கேட்டார், புனேயில் என்றேன், என்னை மேலும் கீழும் பார்த்தார். அதோடு விட்டேனா, திரும்பி வரும்போது பஜாரில் இறங்கி ஜான்சியின் ஸ்டுடியோவுக்குப் போய், ஒருவேளை நீ வர முடியாமல் போனால் போட்டோவிலேயே கம்ப்யூட்டரில் பல்லைச் சரிபண்ணிவிடலாமா என்று விசாரித்தேன். தாராளமாகப் பண்ணலாம்ண்ணே, பல்லு தெரியிற மாதிரி பொண்ணு போட்டோ ஒண்ணு எடுத்துக்கினு வாங்க, பார்த்துட்டுச் சொல்றேன் என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்து பீரோவைக் கவிழ்த்தோம். பத்தாவது ஹால் டிக்கெட்டுக்கு எடுத்தது, ஹாஸ்டல் கார்டுக்கு எடுத்தது, பிரம்மதேசத்து அத்தை வீட்டுக் கல்யாணத்தில் எடுத்தது, பொங்கலுக்கு நீயே போனில் எடுத்தது, எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தால் ஒன்றில்கூட உன் பல் தெரியவில்லை. எல்லாவற்றிலும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறாய், யாரோ திட்டினதுபோல. நீ சிரித்தால் மூன்றாவது பாத்தியில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பானே, அந்தப் பிள்ளை எங்கே போனாள்? நான் உன்னை வாயை மூடச் சொன்னேனா, உன் அம்மா சொன்னாளா, இல்லை நீயாகவே மூடிக்கொண்டாயா, யோசித்து யோசித்துப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. உன் அம்மாவைக் கேட்டால் என்னைக் கைகாட்டுகிறாள், நான் அவளைக் கைகாட்டினேன், அன்றைக்கு ரெண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பல் தெரிகிற போட்டோ ஒன்றுகூட இல்லை என்பதைச் சொல்லத்தான் திரும்பவும் ஜான்சியிடம் போனேன்.

நான் போன நேரம் அவள் ஏதோ பள்ளிக்கூடத்து யூகேஜிப் பிள்ளைகளின் படங்களுக்குச் சட்டம் மாட்டிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் யூகேஜி முடித்தாலே பட்டம் கொடுக்கிறார்களாம். ஒவ்வொரு வாண்டும் கறுப்பு அங்கி, தலையில் குஞ்சம் தொங்குகிற சதுரத் தொப்பி. இது என்ன வேஷம் என்று கேட்டேன். கான்வகேஷன்ண்ணே, கோட்டும் கேப்பும் நாமதான் வாடகைக்குக் குடுக்கிறோம் என்றாள். கேப்பா என்றேன். அதாண்ணே, அந்தத் தொப்பி என்றாள். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். உன் வரியை எடுத்துக் காட்டினேன். அவள் ஒரே தடவை படித்துவிட்டு, பர்சனாலிட்டின்னா பல்லைப் பத்தின விஷயம் இல்லப்பா, ஆளு எப்படின்னு காட்டுறதுன்னு சொல்லியிருக்குது, நீங்க என்னண்ணே இப்படிப் புரிஞ்சிக்கினீங்க என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. என் எதிரில் அந்த யூகேஜிப் படங்கள் வரிசையாக இருந்தன. பால் பல் விழுகிற வயது அல்லவா, பாதிப் பிள்ளைகளுக்கு முன்பல்லே இல்லை. ஒன்றாவது வாயை மூட வேண்டுமே. தொப்பி ஒரு பக்கம் சரிந்து, ஓட்டைப் பல் முழுக்கத் தெரிய, காது வரைக்கும் சிரிப்பு. எந்தப் பிள்ளையையும் அதன் அப்பன் வாயை மூடச் சொல்லவில்லை. நான் என் பிள்ளையிடம் போனில் என்ன சொன்னேன் என்று அப்போதுதான் உறைத்தது.

சரி, பல் இல்லை என்றால் வேறு எதைக் காட்டுவது என்று கேட்டேன், உங்க பொண்ணு எப்படின்னு ஒண்ணு சொல்லுங்க என்றாள் ஜான்சி. இதில்தான் அம்மாடி எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச புத்தியும் குழம்பிவிட்டது. உன் அம்மாவைக் கேட்டால் நீ அடக்கமான பொண்ணாம், பட்டுப்புடவை கட்டிக் கோயில் வாசலில் நிற்க வேண்டுமாம். நான் சிரித்துவிட்டேன், அதற்கு வேறு ஒரு சண்டை. என்னோடு உப்பு வாருகிற கொளஞ்சியைக் கேட்டால், அவளா, சரியான சண்டைக்காரி ஆச்சே, அளத்துல குடிக்கத் தண்ணிப் பானை வெக்கலன்னு உப்பு லாரிக்கு முன்னால நின்னவளாச்சே என்கிறான். பிரம்மதேசத்து அத்தைக்குப் போன் போட்டுக் கேட்டால், கல்யாணத்துக்கு வந்தா வாயே திறக்காத பொண்ணு, அவ்வளவு அமைதி என்கிறாள். மூன்று பேரும் ஒரே பிள்ளையைத்தான் சொல்கிறார்களா? எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அதைத்தான் மறுபடியும் ஸ்டுடியோவுக்குப் போய் ஜான்சியிடம் சொன்னேன். நீ ஏழாவது படிக்கும்போது கோடை லீவில் உப்பளத்துக்கு வந்திருந்தாய், திடீரென்று வானம் கறுத்துவிட்டது, குவித்த உப்பை மூட ஓடினால் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டியிருந்த கயிற்று முடிச்சு அவிழ மாட்டேன் என்கிறது. என் விரலுக்கு வரவில்லை. நீ என்னைத் தள்ளிவிட்டுப் பல்லால் கடித்து இழுத்தாய், முடிச்சும் வந்தது, பல்லில் பாதியும் வந்தது. அதைச் சொல்லாமல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடி, உப்பை மூடி முடித்த பிறகுதான் வாயெல்லாம் ரத்தமாகச் சிரித்துக்கொண்டு, "முடிச்சு அவுந்துடுச்சுப்பா" என்றாய். மழை என்னவோ நாலு தூறலோடு போய்விட்டது. இதைச் சொல்லி முடித்து, இதுதான் பர்சனாலிட்டியா என்று ஜான்சியைக் கேட்டேன். தெரியலண்ணே, பொண்ணையே கேளுங்க என்று சொல்லிவிட்டு, பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்தவரைக் கவனிக்கப் போய்விட்டாள்.

அதனால் உன்னையே கேட்கிறேன். பர்சனாலிட்டி என்றால் பல் இல்லை என்கிறாய், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ எப்படிப்பட்டவள் என்று நான் எங்கே தொடங்கினாலும் கடைசியில் அந்தப் பல்லில்தான் வந்து நிற்கிறது, இதற்கு நான் என்ன பண்ண? ஒருவேளை அதெல்லாம் பழைய கதையாகி, இந்த ரெண்டு வருஷத்தில் நீ எனக்குத் தெரியாத வேறு ஆளாகவும் ஆகியிருக்கலாம். நாயோடு நிற்கிற அந்தப் பையனைப் பற்றி நீ சொல்லும்போது உன் குரல் கொஞ்சம் மாறியதாக உன் அம்மா சொல்கிறாள், அது வேறு விஷயம், அப்புறம் பேசிக்கொள்ளலாம். அவள் பார்சலில் அரக்குப் புடவையை வைத்திருக்கிறாள், கட்டினாலும் சரி, கட்டாமல் அவளிடம் கட்டியதாகச் சொன்னாலும் சரி. கையில் வைத்துக்கொள்ள நானும் ஏதாவது அனுப்பலாம் என்று வீடு முழுக்கத் தேடினேன், எதை எடுத்தாலும் அது என்னுடையதாக இருக்கிறதே தவிர உன்னுடையதாக இல்லை, அதனால் ஒன்றும் வைக்கவில்லை. நீயே பார்த்து எடுத்துக்கொள், இல்லாவிட்டால் வெறுங்கையோடு நில். பல் டாக்டரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். என்றைக்காவது உனக்கே போட்டுக்கொள்ளத் தோன்றினால் போட்டுக்கொள், அதற்கும் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் போட்டோ மட்டும் எடுத்துக்கொள்ளாமல் இருந்துவிடாதே. அந்தச் சுவரில் உன் இடத்தைக் காலியாக விட்டுவிடாதே கண்ணு.

வேளைக்குச் சாப்பிடு, கருவாட்டை ஹாஸ்டல் அறையில் வறுத்து ஊரைக் கூட்டாதே, தலைக்கு எண்ணெய் வை என்று உன் அம்மா மூன்று தடவை சொல்லிவிட்டாள். பெருமுக்கல் ஈஸ்வரன் துணையில் நீ எந்த ஊரில் எந்த வேலையில் இருந்தாலும் நிமிர்ந்து இருக்க வேண்டும், எங்கள் ரெண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. இந்தக் கடிதம் கிடைத்ததும் போனை எடு, திட்டுவதாக இருந்தாலும் எடுத்துத் திட்டு. பல்லைப் பற்றி இனிமேல் நான் வாய் திறக்க மாட்டேன். நீ திற.

உன் பதிலுக்கு வரப்பிலேயே நிற்கும்
அப்பா,
ஆதிமூலம்