நாலாம் நம்பர் மெஷின்

ஜனவரி 8, செவ்வாய்

பனி. பத்து மணி வரை மலை தெரியவில்லை. பிரவுசிங் சென்டர் திறந்ததும் ஆறு மெஷினும் துடைத்தேன். வாங்க வேண்டியது: பிரிண்டர் இங்க், ஊதுபத்தி, மவுஸ் ஒன்று.

மதியம் ரகளை. ஆசிரமம் பக்கம் ரூம் எடுத்திருக்கும் ஜெர்மன்காரம்மா நாலாம் நம்பரில் உட்கார்ந்தார். பென் டிரைவ் வரவில்லை என்று கௌண்டரில் இருந்த சாந்தியைக் கூப்பிட்டார். சாந்தி செருகினாள், எடுத்தாள், திரும்பச் செருகினாள். ஒன்றும் இல்லை. ஒரு வருஷப் போட்டோ எல்லாம் அதில்தானாம். அந்தம்மா போட்ட சத்தத்தில் முதலாளி ஓடி வந்து என்னைப் பார்த்தார். எல்லா மெஷினிலும் லினக்ஸ் போட்டவன் நான், இந்தக் கடையில் நான் சொன்னதுதான் தீர்ப்பு. எனக்கோ பசி. எட்டிப் பார்த்துவிட்டு, "செத்துடுச்சுங்க. சட்டுசட்டுனு புடுங்கினா இப்படித்தான் ஆவும்" என்றேன்.

சாந்தி என் முகத்தையே பார்த்தாள். "நாளையிலேர்ந்து நீ வர வேணாம்மா" என்றார் முதலாளி. டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

தயிர் சாதம். நன்றாகவே இறங்கியது.

ஜன. 9, புதன்

கௌண்டரும் நானே. கால் வலி. பொங்கலுக்குள் வெள்ளை அடிக்கணும் என்று வீட்டில் நச்சரிப்பு. சாந்தி வீட்டில் என்ன சொல்லியிருப்பாள்? அவள் சம்பளத்தில்தான் தம்பி படிக்கிறான்.

ஜன. 10, வியாழன்

ஜெர்மன்காரம்மா சிரித்துக்கொண்டே வந்தார். பக்கத்து ரூம்காரர் லேப்டாப்பில் போட்டாராம், போட்டோ எல்லாம் பத்திரமாம். எனக்கு ஒரு ஆரஞ்சு வேறு. உரிக்காமல் மேஜையில் வைத்தேன்.

டிரைவ் நன்றாக இருந்தால் கோளாறு மெஷினில். என்னுடையதை நாலாம் நம்பரில் செருகினேன். வரவில்லை. பின்பக்கம் செருகினேன். ஊஹும். ஐந்தாம் நம்பரில் உடனே வந்தது. திரும்ப நாலு. செருகியதையெல்லாம் பட்டியல் போடும் lsusb கட்டளையை அடித்தேன், டிரைவின் பெயர் ஜம்மென்று வந்து நிற்கிறது. செருகியது மெஷினுக்குத் தெரிகிறது, திறக்கத்தான் மாட்டேன் என்கிறது. அப்படியென்றால் யாரோ தடுத்து வைத்திருக்கிறார்கள். எதையெல்லாம் தடுக்கணும் என்று எழுதி வைக்கும் ஃபைலைத் திறந்தேன். கடைசி வரி: usb-storage, அதாவது பென் டிரைவ்.

யாரோ என்ன யாரோ. நான்தான். புது வருஷக் கூட்டத்தில் பாட்டு காப்பி பண்ண வருகிறவர்கள் தொல்லை தாங்காமல் ஆறிலும் பென் டிரைவ் வராதபடி அடைத்தேன். மறுநாள் திறந்தபோது நாலை விட்டுவிட்டேன். அந்தம்மா கத்தின அன்றைக்கே lsusb அடித்திருந்தால் தெரிந்திருக்கும். பக்கத்து மெஷினில் போட்டுப் பார்த்திருந்தால்கூடப் போதும். பாவி, சோறுதான் பெரிசாகப் போயிற்று.

வரியை அழித்தேன். யாரும் பார்க்கவில்லை.

ஜன. 11, வெள்ளி

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. இன்று போகவில்லை.

முதலாளியிடம் சொல்லிவிடுவது என்று போனேன். நான் அடைத்தேன், நான் மறந்தேன் என்று சொல்ல வேண்டியதுதானே. வாயில் வந்தது: "மெஷின்லதான் கோளாறுங்க. சரி பண்ணிட்டேன்."

"அப்ப அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லியா? பாவம்பா. நீயே போய் வரச் சொல்லு" என்று தோளைத் தட்டினார். நல்ல மனுஷன். அசிங்கமாக இருந்தது.

ஜன. 12, சனி

கீழ்பென்னாத்தூர். பஸ்ஸில் பொங்கல் கூட்டம், யாருடைய கரும்புக் கட்டோ என் கால் மேல். சாந்தி வாசலில் விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கடலைத் தோல் குத்திக் கட்டைவிரல் சிவந்திருந்தது. எழுந்து நாற்காலி போட்டாள்.

"கோளாறு மெஷின்லதாம்மா. முதலாளி வரச் சொன்னாரு."

"மெஷின்லயாண்ணா?" உரிப்பதை நிறுத்தவில்லை. "புது வருஷத்தன்னிக்கு நீங்க அடைச்சப்ப நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். நாலைத் தொறக்கலியோனு அந்தம்மா கத்தும்போதே தோணுச்சு."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"முதலாளி முன்னாடி உங்கள எப்படிண்ணா காட்டிக் குடுக்கிறது? நீங்களே சொல்லிடுவீங்கனு பார்த்துட்டிருந்தேன்."

மறந்துதான் போனேன் என்றேன். நிஜம். என் காதுக்கே பொய்யாகக் கேட்டது. மோர் கொடுத்தாள், குடித்தேன். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ அவள் சொல்லவில்லை. நானும் கேட்காமல் பஸ் ஏறினேன்.

சாயங்காலம் கடையில் முதலாளி, "என்னப்பா, வருதா அந்தப் பொண்ணு? என்ன சொல்லிச்சு?"

"வீட்ல கேட்டுச் சொல்றேன்னு சொல்லிச்சுங்க" என்றேன்.