புழு இல்லாத கத்திரிக்காய்

ஈஜிபுரா, பெங்களூரு
20.12.2009

அன்புள்ள பூங்காவனத்துக்கு,

நான் நலம். உனக்கு இருமல் நின்றதா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

நேற்று கேன்டீனில் ஒரு மூட்டை கத்திரிக்காய் நறுக்கினேன். ஒன்றில்கூடப் புழு இல்லை. தின்ற புழு சாகும்படி விதையையே மாற்றிய கத்திரிக்காய் வரப்போகிறதென்று பேப்பரில் சண்டை நடக்கிறதே, அதுதானோ என்று சமைக்க மறுத்துவிட்டேன்.

சூப்பர்வைசர் மமதா மேடம் சிரித்தார். "அது இன்னும் மார்க்கெட்டுக்கே வரலப்பா. சும்னே... சும்மா ஏன் பயப்படுறீங்க?"

"புழுவே தொடாததை மனுஷன் திங்கணுமா மேடம்?" என்றேன். முள்ளங்கி சாம்பார்தான் வைத்தேன். கொஞ்சம் திட்டு விழுந்தது, அவ்வளவுதான்.

நம் கொல்லையிலும் இந்த வருஷம் புழுவே இல்லை என்று எழுதியிருந்தாயே, அந்த விதையை யார் கொடுத்தது?

ஷிஃப்டுக்கு நேரமாகிறது. பாப்பாவுக்கு அந்தக் கத்திரிக்காயைக் கொடுக்காதே. நம்மூர் சரவணன் இங்கே வரும்போது, அதில் உன் கையால் குழம்பு வைத்துக் கொடுத்தனுப்பு. முதலில் நான் தின்று பார்க்கிறேன்.

உன்,
முனிரத்தினம்